உடம்பு வலி என்கிறார், வயலுக்குப் போக மறுக்கிறார்

திருநள்ளாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: சம்பா கதிர் மழையில் சாய்ந்ததிலிருந்து வீட்டுக்காரர் வயல் பக்கமே போவதில்லை. உடம்பெல்லாம் வலி, பசியில்லை என்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் சரியாக இருக்கிறது. இது சோம்பலா, நோயா?

பதில்: சோம்பேறி மூன்று மணிக்கு எழுந்திருப்பதில்லை. இது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கடைமடையில் கவலைக்குப் பஞ்சமில்லை. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஊர். 2004-இல் சுனாமி, 2018-இல் கஜா புயல் என்று பார்த்த ஊர். ஆனால் கவலையில் இருப்பவர் பேரப்பிள்ளை மடியில் ஏறினால் சற்றே சிரிப்பார். இந்த நோயில் பெரும்பாலும் அந்தச் சிரிப்பும் வராது.

டாக்டர்கள் பார்ப்பது ஒன்பது அறிகுறிகள். நாள் முழுதும் மனம் சோர்ந்திருப்பது, எதிலும் நாட்டமில்லாமல் போவது: இந்த இரண்டில் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும். மற்றவை தூக்கக் கேடு, பசி அல்லது எடை மாறுவது, அசதி, பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமை, ‘எல்லாம் என்னால்தான்’ என்ற குற்ற உணர்வு, கவனம் நிற்காமை, சாவு பற்றிய நினைப்பு. மொத்தம் ஐந்தாவது, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரம் நீடித்து, வேலையைக் கெடுத்தால் அது நோய்.

இதை ஸ்கேன் காட்டாது. தைராய்டு, ரத்தசோகை சோதனைகள் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். குடி உண்டா, முன்பு எப்போதாவது தூங்காமலே அளவு மீறிய உற்சாகத்தில் திரிந்தாரா என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதைப் பொறுத்து மருந்து மாறும். நம் ஆட்கள் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லமாட்டார்கள். கை கால் வலி என்று சொல்லி ஊசி போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ஆகவே வாசகியும் கூடவே போய், தூக்கத்தைப் பற்றியும் வயலை விட்டதைப் பற்றியும் சொல்வது நல்லது.

காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனையில் முதலில் பொது மருத்துவரிடமே சொல்லலாம். 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தேறியதும் தானாக நிறுத்தக் கூடாது.

‘செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பூட்டுப் போட்ட பொது அறையில் வைத்துப் பார்த்தார்கள். சென்னை ‘சிநேகா’வைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழு செய்த சோதனை அது, முடிவு 2013-இல் வெளியானது. அங்கே மருந்து குடிப்பது குறைந்தது. வாசகி வீட்டில் மிச்சமிருக்கும் டப்பாக்களையும் இன்றே வேறு வீட்டுக்கு மாற்றிப் பூட்டிவைக்கட்டும். சாவி அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.