தாத்தா ஏன் வேனிலேயே உட்கார்ந்திருக்கிறார்?

விடுமுறை நாளில் பகல் பதினொரு மணிக்கு மாமல்லபுரம் வாகன நிறுத்துமிடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் ஒரு காட்சி கண்ணில் படாமல் போகாது. கதவைத் திறந்து வைத்த கார்களிலும் வேன்களிலும் ஆங்காங்கே ஒரு தாத்தாவோ ஆச்சியோ தனியாக உட்கார்ந்திருப்பார்கள். மடியில் பேரப்பிள்ளையின் தண்ணீர் பாட்டில், காலடியில் கழற்றிப் போட்ட குட்டிச் செருப்பு, கையில் விசிறியாக மடித்த செய்தித்தாள். மகனும் மருமகளும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக் கோயில் பக்கம் போயிருப்பார்கள். “நீங்க போயிட்டு வாங்கய்யா, நான் இங்கனயே இருக்கேன்” என்று சொல்லி அனுப்பியவரும் அந்தத் தாத்தாதான்.

அவர் அப்படிச் சொன்னதும் வீட்டில் உள்ளவர்கள் அதை அவருடைய விருப்பம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். விருப்பம் அல்ல. எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், நடுவில் உட்கார இடம் உண்டா, கழிப்பறை எந்தப் பக்கம் என்று எதுவும் தெரியாத ஒரு மனிதர், தன்னால் மற்றவர்களின் நாள் கெட்டுவிடக் கூடாதென்று எடுக்கும் முடிவு அது. அவரை வேனிலேயே உட்கார வைத்தது அந்த இடம் கட்டப்பட்டிருக்கும் விதம். பாதிப் பங்கு குடும்பம் போட்ட திட்டத்துக்கும் உண்டு.

ஒரு தலைமுறைக்கு முன்பு மே மாதம் வந்தால் பிள்ளைகள்தான் ஊருக்குப் போவார்கள். இப்போது கணவன், மனைவி இருவருக்கும் வேலை, பிள்ளைகளுக்குக் கோடை வகுப்பு. அதனால் திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் தாத்தா, பாட்டிதான் இரவு ரயில் ஏறி சென்னைக்கு வருகிறார்கள். அந்தப் பயணத்துக்கே செலவு கூடிவிட்டது. 60 வயது கடந்த ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயது கடந்த பெண்களுக்கு 50 சதவீதமும் ரயில்வே தந்துவந்த கட்டணச் சலுகை, கொரோனா தொடங்கிய 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தொற்று ஓய்ந்து ஆண்டுகள் கடந்த பிறகும் அது திரும்பி வரவில்லை. ஓய்வூதியமே இல்லாத விவசாயக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் பேரனைப் பார்க்க வரும்போது முழுக்கட்டணம் கட்டித்தான் வருகிறார்.

வந்த பெரியவர்களை எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்ற ஆசை பிள்ளைகளுக்கு இருக்கிறது. இருப்பது ஒரே ஒரு ஞாயிறு என்பதால் காலையில் வண்டலூர், மதியம் மாமல்லபுரம், மாலையில் மெரினா, இரவு ஓட்டலில் சாப்பாடு என்று எல்லாவற்றையும் அந்த ஒரு நாளுக்குள் திணித்துவிடுகிறார்கள். அன்பில் போட்ட திட்டம்தான். ஆனால், அதன் வேகம் முப்பத்தைந்து வயதுக்காரரின் கால்களுக்கு ஏற்றது. நான்கு வயதுப் பேத்தியும் எழுபது வயது ஆச்சியும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் களைத்துப்போகிறார்கள். இருவருக்கும் அடிக்கடி உட்கார வேண்டும், அடிக்கடி கழிப்பறை வேண்டும், வெயில் ஆகாது, நேரத்துக்குச் சோறு வேண்டும். பிள்ளை அழுது காட்டிவிடுகிறது. ஆச்சி சொல்லமாட்டார்.

சொல்லாததன் விலையை உடம்பு கொடுக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் இதயக் கோளாறுக்கும் பலர் காலையில் சாப்பிடும் மாத்திரைகளில் சிறுநீரைப் பெருக்கி வெளியேற்றும் வகையும் ஒன்று. அதைப் போட்டுக்கொண்டால் அடுத்த சில மணி நேரத்துக்குத் திரும்பத் திரும்பக் கழிப்பறை போக வேண்டியிருக்கும். ஆகவே வெளியே கிளம்பும் நாளில் அந்த மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடும் பெரியவர்கள் உண்டு. தண்ணீரே குடிக்காமல் நாளை ஓட்டும் பாட்டிகள் அதைவிட அதிகம். சென்னையின் மே மாத வெயிலில் இது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். சுத்தமான கழிப்பறை பக்கத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கை இருந்தால் அவர்கள் ஏன் இப்படிச் செய்யப்போகிறார்கள்?

இவ்வளவுக்கும், தாத்தாவும் ஆச்சியும் உடன் வந்தால் அந்த நாள் எப்படி மாறும் என்பதற்கு மாமல்லபுரத்தைவிட நல்ல இடம் கிடையாது. அர்ஜுனன் தபசு என்று அழைக்கப்படும் அந்தப் பெரும் பாறைச் சிற்பம் சாலையோரமே இருக்கிறது. சீட்டு வாங்க வேண்டாம், படி ஏற வேண்டாம். பெரிய யானையின் காலடியில் குட்டிகள் ஒண்டிக்கொண்டு நிற்கின்றன. அதன் அருகே முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனை, காலடியில் அதை நம்பி வந்த எலிகள். பொய்த்தவம் செய்த பூனையின் கதையை ஒரு பிள்ளைக்குச் சொல்ல ஆச்சியைவிடப் பொருத்தமானவர் யார்? சற்றுத் தள்ளிக் கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. மாடு வளர்த்த கை உள்ள தாத்தா, கன்றைப் பக்கத்தில் விட்டால்தான் பசு பால் சுரக்கும் என்று பேரனுக்கு விளக்கலாம். பால் பாக்கெட்டில் வருவதாக மட்டுமே அறிந்த பிள்ளை அன்று வேறொன்றைத் தெரிந்துகொள்ளும். எந்த வழிகாட்டியும் இப்படிச் சொல்லித் தர முடியாது.

ஆனால், அந்தக் கதை முடியும் வரை அவர்கள் எங்கே உட்காருவது? நிழலில் நாலு பேர் நெருக்கமாக உட்கார ஒரு கல் மேடை போதும். 1984 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் ஊர் இது. 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இங்கே வந்தபோது, ஐந்து ரதங்களின் முன்னால் நாற்காலிகளில் அமர்ந்து இளநீர் குடித்த படத்தை உலகமே பார்த்தது. அன்று ஒருவருக்கு வயது 69, இன்னொருவருக்கு 66. அந்த வயது விருந்தினருக்கு அங்கே ஓர் இருக்கையும் ஓர் இளநீரும் வேண்டும் என்று அன்று எல்லோருக்கும் தோன்றியது சரிதான். அதே வயதில் வரும் கோவில்பட்டித் தாத்தாவுக்கும் அது வேண்டும்.

வண்டலூரைப் பொறுத்தவரை ஒன்றுதான் சொல்ல வேண்டும். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1,500 ஏக்கர். அதை நடந்து முடிக்க நினைப்பதே தவறு. அங்கே ஓடும் பேட்டரி வண்டியில் இடம் பிடித்துவிட்டால் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நாள் நன்றாகப் போகும். இடம் கிடைக்காவிட்டால் கிடைத்த முதல் நிழலில் பாதிக் குடும்பம் தங்கிவிடும்.

மெரினாவின் கதை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. சர்வீஸ் சாலையில் இறங்கியதிலிருந்து அலை வரைக்கும் சில இடங்களில் முந்நூறு மீட்டருக்கு மேல் மணல். முட்டி வலி உள்ளவருக்கு அந்த மணலில் ஒவ்வோர் அடியும் வேதனை. கடலை ஆண்டுக்கணக்கில் தொலைவிலிருந்தே பார்த்துத் திரும்பியவர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர். மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, 2022 நவம்பரில் மெரினாவில் கடலை நோக்கி நிரந்தர மரப்பாதை போடப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அதன் முனை சேதமடைந்தது, பிறகு சரிசெய்தார்கள். சக்கர நாற்காலிக்காகப் போட்ட அந்தப் பாதை கைத்தடி ஊன்றி வருபவருக்கும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வரும் தாய்க்கும் சேர்த்தே பயன்படக்கூடியது. நகரத்தில் வேறு இடங்களிலும் இதுதான் நடந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகே 2024-ல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் பக்கவாட்டில் சாய்ந்து படியைத் தாழ்த்திக்கொடுக்கும் அந்தப் பேருந்தில், மூன்று உயரமான படி ஏற முடியாத எல்லா ஆச்சிகளும் இன்று ஏறலாம். மெட்ரோவின் லிஃப்டும் அப்படித்தான். ஊருக்கே பயன்படும் இந்த வசதிகளுக்காக ஒரு சிறு கூட்டம் தனியாகப் போராட வேண்டியிருந்தது. மற்ற குடும்பங்களும் அன்று சேர்ந்து கேட்டிருக்க வேண்டும்.

பேருந்துக் கட்டணத்தில் இன்னும் ஒரு சங்கடம் இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே முதல் ஆச்சிக்கு இலவசம். ஐந்து வயது வரை பேரப்பிள்ளைக்கும் இலவசம். 60 வயது கடந்தவர்களுக்கு மாதம் பத்து இலவசப் பயண டோக்கன் உண்டு, ஆனால் அது சென்னையில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். ஊரிலிருந்து வந்த தாத்தா டிக்கெட் எடுத்தாக வேண்டும். வயதைக் காட்டும் ஆதார் அட்டை அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. எந்த ஊர்க்காரர் என்று பார்க்காமல் அந்தச் சலுகையைத் தருவது அரசுக்குப் பெரிய சுமையாக இருக்காது.

“வயசானவங்களுக்கு எதுக்கு அலைச்சல், வீட்டில் ஓய்வா இருக்கட்டுமே” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதே பெரியவர் ஊரில் காலையில் வயலுக்கு நடக்கிறார், மாலையில் கோயிலுக்குப் போகிறார், சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிறார். வழியில் திண்ணை இருக்கிறது, டீக்கடை பெஞ்சு இருக்கிறது, ஆலமரத்தடி மேடை இருக்கிறது. சாமி கும்பிட்டதும் கோயிலில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது நம் வழக்கம். அதற்காகவே மண்டபங்களும் குளத்துப் படிகளும் இருக்கின்றன. தலைச்சுமையோடு நடப்பவர் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து இளைப்பாற, தோள் உயரத்துக்குச் சுமைதாங்கிக் கல் நட்ட ஊர் இது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக நடப்பட்ட அந்தக் கற்களைப் பழைய பாதைகளில் இன்றும் பார்க்கலாம். நடப்பவர் களைத்துப்போவார் என்பதை மனதில் வைத்துப் பாதை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள், இருக்கையே இல்லாத பூங்காப் பாதைகளைப் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் 60 வயது கடந்தவர்கள் 10.4 சதவீதம். நாடு முழுவதற்குமான அளவு அப்போது 8.6 சதவீதமாக இருந்தது. அதற்குப் பிறகு இங்கே பிறப்பு விகிதம் குறைவாகவே இருந்துவருவதால் அந்தப் பங்கு கூடத்தான் செய்யும். இனி ஒரு சுற்றுலாத் தலத்துக்கு வரும் கூட்டத்தில் பெரியவர்கள் சிறு பங்கு அல்ல.

குடும்பங்கள் செய்யக்கூடியது உடனடியாகவே இருக்கிறது. மூன்று இடம் வேண்டாம், ஓரிடம் போதும். காலை ஆறரைக்குக் கிளம்பி, வெயில் ஏறும் முன் பார்த்துவிட்டு, பதினொரு மணிக்குள் திரும்பிவிட்டால் பிள்ளைகளும் பெரியவர்களும் மதியம் நிம்மதியாகத் தூங்குவார்கள். எங்கே போவது என்று ஆச்சியிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். போய் இறங்கியதும் முதல் வேலையாகக் கழிப்பறை எங்கே என்று பார்த்துவந்து அவரிடம் சொல்லிவிட வேண்டும். பலரைத் தண்ணீர் குடிக்க வைக்க இந்த ஒரு தகவலே போதும்.

அரசு செய்ய வேண்டியதற்கு நாள் குறித்தே கேட்கலாம். காணும் பொங்கலன்று மெரினாவில் கூடும் பெருங்கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்துவிடக் கூடாதென்று சென்னைக் காவல் துறை ஆண்டுதோறும் குழந்தைகளின் கையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறது. கடலில் யாரும் இறங்காதபடி தடுப்பு போடுகிறது. கூட்டத்தில் சிறியவர்களை மனதில் வைத்துச் செய்யும் நல்ல ஏற்பாடுகள் இவை. அடுத்த காணும் பொங்கலுக்கு மாநகராட்சி அதே மணலில் சில பந்தல்களைச் சேர்த்துப் போடட்டும். அவற்றுக்குள் பெரியவர்களுக்கென்று நாற்காலிகள், குடிநீர், கைப்பிடி வைத்த தற்காலிகக் கழிப்பறைகள், ரத்த அழுத்தம் பார்க்க ஒரு செவிலியர். பந்தலை அலையோசை கேட்கும் தூரத்தில் போட வேண்டும், வாகன நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அல்ல.