வாண்டு டியூட்டி!

லீவு விட்டாச்சு, குடும்பத்தோட கடற்கரை ஊருக்கு மூணு நாள் டூர்னு வீட்டுல பேச்சு கிளம்பியிருக்கா? உஷார்! ரூம் போடுறது மாமா, புளியோதரை கட்டுறது அம்மா, ரயில்ல ஜன்னல் சீட்டு அப்பா... எல்லாத்தையும் பிரிச்சுக் கொடுத்த பிறகு கடைசியா ஒரு வேலை மிஞ்சும். அக்காவோட அஞ்சு வயசு வாண்டு! 'நீ சும்மாதானே இருக்கே, பார்த்துக்கோ'ங்கிற பொன்மொழியோட அது நம்ம தலையில வந்து இறங்கும். செமஸ்டர் முடிச்சு நாம நொந்து நூடுல்ஸ் ஆகிக் கிடக்கிறது யாருக்குத் தெரியுது?

போன மே மாசம் எனக்கு இறங்குச்சு. ஊர் தரங்கம்பாடி. திருச்சியிலிருந்து மயிலாடுதுறை வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ். வழி நெடுக 'சித்தி, கடல் வந்துருச்சா?' என்று நாற்பது தடவை கேட்டான். நான் ஜாலியா இருந்தேன். பீச்சுதானே, மண்ணு இருக்கு, தண்ணி இருக்கு, அதுபாட்டுக்கு விளையாடும், நாம காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உட்கார்ந்துடலாம்னு கணக்கு.

தப்புக் கணக்கு பாஸ்! நமக்குக் கடல் உட்கார்ந்து பார்க்கிற விஷயம். அஞ்சு வயசுக்கு அது ஓடிப்போய் இடிக்க வேண்டிய விஷயம். வாளி, மண்வெட்டி, மீன் அச்சு, நட்சத்திர அச்சு எல்லாம் இருக்கிற செட்டு ஒண்ணு வாங்கிட்டுப் போயிருந்தோம். அதோட ஆயுசு சரியா பதினஞ்சு நிமிஷம். அப்புறம் பக்கத்துல ரெண்டு பாப்பாங்க கட்டியிருந்த மணல் வீட்டைப் போய் எட்டி உதைச்சான். அதுங்க அழ, அவங்க அம்மா என்னை முறைக்க... பிள்ளைத்தமிழ்ல ஆண் குழந்தைக்கு 'சிற்றில் சிதைத்தல்'னே ஒரு பருவம் வெச்சிருக்காங்கனு ப்ளஸ் டூ தமிழ் மிஸ் சொன்னது ஞாபகம் வந்தது. அன்னைக்குப் புரியலை. இப்ப நல்லாவே புரிஞ்சுது.

இனி சொல்லப்போறது கொஞ்சம் சீரியஸ். ரெண்டாம் நாள் காலையில ஏழு மணி. வெயில் ஏறலை, கூட்டம் இல்லை. டேனிஷ் கோட்டைக்கு முன்னால நானும் அவனும் மட்டும். மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டுல வாங்கின சிவப்பு பிளாஸ்டிக் பந்தை எடுத்துக் கொடுத்தேன். 'நீ உருட்டு, நீயே பிடி' என்று சொல்லிட்டு, க்ளாஸ் குரூப்ல வந்திருந்த ரிசல்ட் மெசேஜுக்கு ரிப்ளை டைப் பண்ண ஆரம்பிச்சேன். எவ்வளவு நேரம்? ஒரு வரி. சத்தியமா ஒரே ஒரு வரி.

நிமிர்ந்தப்போ பந்து அலைமேல போய்க்கிட்டிருந்தது. இவன் இடுப்பளவு தண்ணியில அதுக்குப் பின்னால போயிட்டிருந்தான். அலை திரும்புறப்போ காலுக்கடியில மண்ணு அரிக்கும் தெரியுமா... அதுல தடுமாறி உட்கார்ந்தான். தலை மட்டும் தெரிஞ்சுது. அடுத்த அலைக்கு அதுவும் தெரியலை.

கத்தினேனா, ஓடினேனா, எதுவும் ஞாபகம் இல்லை. நான் போய்ச் சேர்றதுக்குள்ள, பக்கத்துல வலை சிக்கெடுத்துக்கிட்டிருந்த ஒரு பெரியவர் போய் அவனை ஒரு கையால கொத்தா தூக்கிட்டார். பையன் ரெண்டு வாய் உப்புத் தண்ணியைத் துப்பிட்டு, 'தாத்தா, என் பந்து!'னு அழுதான். நான் பந்துக்காகத் தண்ணியில இறங்கப் போனேன். அப்படி ஒரு புத்தி அந்த நேரத்துல! பெரியவர் போட்ட அதட்டல்ல அப்படியே நின்னுட்டேன். "ஏம்மா, கரைக்காத்து அடிக்குதுல்ல? இந்த நேரத்துல போயி புள்ளைக்குப் பந்து குடுப்பாங்களா? அதைப் புடிக்க நீ எங்க வரைக்கும் போவ?"

நிலக்காற்று, கடற்காற்று வேறுபடுத்துக. ஸ்கூல்ல எத்தனை தடவை எழுதியிருப்போம்! ராத்திரியில நிலம் சீக்கிரம் ஆறிடும், கடல் சூட்டைப் பிடிச்சு வெச்சிருக்கும். அதனால விடியற நேரத்துல காத்து கரையிலிருந்து கடலுக்குப் போகும். வெயில் ஏறினதும் உல்டா. எழுதி முழு மார்க் வாங்கின அதே நான்தான் காலை ஏழு மணிக்கு, காத்து முதுகுல அடிக்கிறப்போ, காத்தடைச்ச லேசான பந்தை கடலைப் பார்த்து உருட்டச் சொல்லியிருக்கேன். பந்து மட்டும் இல்லை மக்களே, கார் டியூப், பாத்து, முதலை பொம்மை என்று காத்தடிச்சு மிதக்கிற எதுவும் இதே கேஸ்தான். குழந்தையை உள்ளே உட்கார வெச்சா அதையும் சேர்த்தே தள்ளிக்கிட்டுப் போகும்.

இன்னொண்ணு. சினிமாவுல தண்ணியில மாட்டினவங்க கையை ஆட்டி 'காப்பாத்துங்க'னு கத்துவாங்க இல்ல? நிஜத்துல சத்தமே வராது. மூச்சு விடவே வாய் பத்தாதப்போ எங்கே கத்துறது? நான் டைப் பண்ணிட்டு இருந்தப்போ அவன் கத்தியிருந்தா கேட்டிருக்கும்னு ராத்திரி வரைக்கும் எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன். அவன் கத்தவே இல்லை. அதனால 'சத்தம் வந்தா பார்த்துக்கலாம்' பாலிசி கடற்கரையில செல்லாது. தண்ணிக்குப் பக்கத்துல போனா அவன் உங்க கை எட்டுற தூரத்துல இருக்கணும். நீங்க நீச்சல் சாம்பியனாவே இருந்தாலும் சரி. போன் பையில. வேற யாராவது வந்து 'இப்ப நான் பார்க்கிறேன்'னு வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் டியூட்டி உங்களுது. நாலு பெரியவங்க இருந்தும் குழந்தை தொலையுறது எப்படினா, நாலு பேரும் மத்த மூணு பேர் பார்க்கிறாங்கனு நினைக்கிறதாலதான்.

சரி, அதுக்காக ரூம்ல பூட்டி வெச்சு கார்ட்டூன் போட்டுட முடியுமா? அன்னைக்கு சாயங்காலமே 'கடலுக்கு வா சித்தி'னு துப்பட்டாவைப் பிடிச்சு இழுக்கிறான். அவனுக்கு பயமே இல்லை. பயமெல்லாம் எனக்குத்தான். அப்போதான் ஒரு முடிவு பண்ணேன். கடலைவிட சுவாரஸ்யமான ஒண்ணு, கடலுக்கு முப்பது அடி இந்தப் பக்கம் இருக்கணும். அவன் முதுகு தண்ணியைப் பார்த்தும், என் முகம் தண்ணியைப் பார்த்தும் இருக்கணும்.

மொதல்ல அச்சு செட்டை மூட்டை கட்டினேன். வாண்டுகளுக்கு பொம்மை போரடிக்கும், வேலை போரடிக்காது. 'டேய், நீதான் கான்ட்ராக்டர். அலை நம்ம ரோட்டுக்கு வராம சுவர் கட்டணும்'னு சொன்னேன். அவ்வளவுதான்! வாளி வாளியா மண்ணு. காஞ்ச மண்ணுல கட்டினா சரியுது, சொதசொதனு இருந்தாலும் சரியுது. ஈரப்பதமா இருந்தா மட்டும் நிக்குது. ஏன்னா மணல் துகளுக்கு நடுவுல கொஞ்சூண்டு தண்ணி, குட்டிக் குட்டி பாலமா நின்னு இழுத்துப் பிடிக்குது. பரப்பு இழுவிசை! தண்ணி அதிகமானா பாலமெல்லாம் முழுகிப் போயிடும், பிடிப்பும் போச்சு. இதை அவனுக்கு நான் விளக்கலை. மூணு விதமாவும் கட்ட விட்டேன், அவனே கண்டுபிடிச்சான். முக்கால் மணி நேரம்! அச்சு செட்டு பதினஞ்சு நிமிஷம்னு சொன்னேனே, கம்பேர் பண்ணிக்கோங்க. பள்ளம் தோண்டினா மட்டும் அவன் முட்டி ஆழத்துக்கு மேல விடாதீங்க. மணல் குழி ஓரம் டக்குனு சரிஞ்சு மூடிக்கும்.

ஈர மண்ணுல அழுத்திக் கால் வெச்சுப் பார்த்திருக்கீங்களா? பாதத்தைச் சுத்தி மண்ணு சட்டுனு காஞ்ச மாதிரி வெளுத்துடும். காலை எடுத்ததும் அங்கே தண்ணி நிக்கும். மிதிக்கிறப்போ நெருக்கமா இருந்த துகள்கள் கலைஞ்சு இடைவெளி பெருசாகுது, மேல இருக்கிற தண்ணி அதுக்குள்ள இறங்கிடுது. இதுக்கு 1885-லயே விளக்கம் எழுதினவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். ஆமாங்க, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர்ல நம்ம உயிரை எடுக்கிற அதே ரெனால்ட்ஸ் நம்பர்காரர்! எனக்கு அவரால கிடைச்ச முதல் லாபம் இதுதான். 'மேஜிக் கால்' என்று பேர் வெச்சு, கரையோரமா எத்தனை அடி மேஜிக் வருதுனு எண்ணிக்கிட்டே நடந்தோம். அவன் கை என் கையில.

கிச்சு கிச்சு தாம்பாளம் ஞாபகம் இருக்கா? நம்ம பாட்டிங்க கண்டுபிடிச்ச பீச் கேம்! மண்ணை நீளமா கரை மாதிரி குவிச்சு, அதுக்குள்ள ஒரு குச்சியை ஒளிச்சு வெச்சு, எதிர்ல இருக்கிறவர் ரெண்டு கையையும் கோத்து எந்த இடம்னு பொத்தணும். தோத்தா கண்ணைப் பொத்தி, கையில மண்ணை அள்ளிக் கொடுத்து, எங்கேயோ கூட்டிப் போய் கொட்ட வெச்சு, திரும்பிக் கூட்டிட்டு வந்து அந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லணும். அம்மாவையும் இழுத்து விட்டேன். என்ன ஒரு கள்ளாட்டம் ஆடுறாங்க தெரியுமா! அப்பா நடுவர்.

சாயங்காலம்தான் ஓட விடுற நேரம். மணல் மேட்டுல முள்ளு முள்ளா ஒரு புல் இருக்கும், ராவணன் மீசை. அதோட விதைக் கொத்து உருண்டையா, முள்ளம்பன்றி மாதிரி இருக்கும். காஞ்சதும் கழண்டு காத்துல உருண்டு ஓடும். சாயங்காலக் காத்து கடல்லேர்ந்து ஊருக்குள்ள அடிக்குதா, உருண்டையும் ஊரைப் பார்த்தே ஓடும். வாண்டு அதைத் துரத்த, நான் வாண்டைத் துரத்த... காலையில பண்ணின அதே விளையாட்டு, திசை மட்டும் மாத்தி! இலை குத்தும், அதனால செருப்பு அவசியம். நண்டு வளையைத் தேடுறதும் செம டைம்பாஸ். வளை வாசல்ல புது மண்ணு சிதறியிருந்தா உள்ளே ஆள் இருக்கு. அசையாம உட்கார்ந்தாதான் வெளியே வரும்னு சொன்னேன். அந்தப் பையன் நாலு நிமிஷம் அசையாம உட்கார்ந்தான். அக்கா அதை போட்டோ எடுத்து வெச்சிருக்கா, வீட்டுல யாரும் நம்ப மாட்டாங்கனு.

மதியம் பத்து மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் பீச் பக்கமே போகலை. மண்ணு கொதிக்கும். 1620-ல டேனிஷ்காரங்க கட்டின டேன்ஸ்போர்க் கோட்டை இருக்கே, சுவரெல்லாம் அவ்வளவு கனம், கீழ் ரூமெல்லாம் ஜில்லுனு இருக்கும். அங்கே கண்ணாமூச்சி. அப்புறம் கடலோரத்துல மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல குலசேகர பாண்டியன் காலத்துல கட்டினது. அதோட முன்பக்கத்தைக் கடல் அரிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. கரையில பாறாங்கல்லைக் கொட்டித் தடுத்திருக்காங்க. கல்லு பாசி பிடிச்சு வழுக்கும், ஏற விடாதீங்க. 'யாரு சித்தி இடிச்சது?'னு கேட்டான். 'கடல்'னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. 'அப்போ நம்ம சுவரும் இடிஞ்சுடுமா?'

அன்னைக்கு ராத்திரி அக்காகிட்ட காலையில நடந்ததைச் சொன்னேன். சொல்லாம விட்டுடலாம்னுதான் இருந்தேன். பையன் 'தாத்தா தூக்கினாரு'னு உளறிட்டே இருந்தான், யாரும் கண்டுக்கலை. ஆனா என்னால அவ முகத்தைப் பார்த்து சோறு சாப்பிட முடியலை. அக்கா கேட்டுட்டுத் திட்டவே இல்லை. எழுந்து போய் தூங்குறவன் தலையைத் தடவிட்டு வந்தா. "எவ்ளோ நேரம்டீ?" என்று மட்டும் கேட்டா. "ஒரு மெசேஜ்"னேன். மாமா மறுநாள் தானே பார்த்துக்கிறேன்னார். "வேணாங்க, அவளே பார்க்கட்டும்"னுட்டா. அதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம், சத்தியமா வலிச்சிருக்காது.

மூணாம் நாள் காலையில பெரியவரைத் தேடிப் போனோம். கடலுக்குப் போயிட்டாராம். அம்மா கொடுத்துவிட்ட முறுக்குப் பொட்டலத்தை அவர் வீட்டம்மாகிட்ட கொடுத்துட்டு வந்தோம்.

பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறப்போ வாண்டு மறுபடி வாளியைத் தூக்கினான். இந்தத் தடவை சுவர்ல நடுவுல ஒரு வாசல் விட்டிருந்தான். 'இது எதுக்குடா?'னு கேட்டேன்.

"பந்து திரும்பி வந்தா உள்ளே வரணும்ல? நான் மண்ணு அள்ளப் போறேன். நீ கடலையே பார்த்துட்டு இரு சித்தி. போனைப் பார்க்காதே!"