பறந்தால்தான் விமானம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் பெரியோர். கண்ணாடிக் கூண்டுக்குள் உறங்கும் பழைய இயந்திரமும் அப்படியே என்பது என் கருத்து. இயற்பியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஆயினும் இந்தக் கருத்து எனக்கு வகுப்பறையில் தோன்றவில்லை. ஒரு புல்தரையில் தோன்றியது.

இங்கிலாந்தில் பணிபுரியும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு கோடை மாலையில் அவள் என்னைப் பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ஓல்ட் வார்டன் என்ற சிற்றூருக்கு அழைத்துச் சென்றாள. ஷட்டில்வொர்த் சேகரிப்பு எனப்படும் பழைய விமானங்களின் இருப்பிடம் அது. அங்கே விமானம் ஓடுவது தார்ச்சாலையில் அன்று; வெட்டிச் சீராக்கிய புல்வெளியில்! நம் ஊர்த் தேரோட்டத்திற்கு வந்தவர்களைப் போல மக்கள் விரிப்பை விரித்து, கட்டுச்சோற்றைப் பிரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் உலகப் போர்க் காலத்து ஆவ்ரோ 504 எங்கள் தலைக்கு மேலே பறந்தது. அதில் விசிறியோடு சேர்ந்து எஞ்சினும் சுழலும். அதற்கு மசகு எண்ணெய் என்ன தெரியுமா? ஆமணக்கெண்ணெய்! பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் அன்று அதைத் தேர்ந்தார்கள். புகையோடு வந்த அந்த வாடை, என்னை மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் குடிக்க வைத்த பாட்டியின் திண்ணைக்கே கொண்டு போய்விட்டது.

காற்று அடங்கிய பின் 1909-ஆம் ஆண்டின் பிளேரியோ வந்தது. பனை உயரம்கூட எழும்பவில்லை. நேராகச் சற்றுத் தூரம் மிதந்து, மெல்ல இறங்கிவிட்டது. அதற்கே அத்தனை பேரும் எழுந்து கை தட்டினார்கள்.

இந்தச் சேகரிப்பைத் தொடங்கிய ரிச்சர்ட் ஷட்டில்வொர்த் 1940-இல் விமானப் பயிற்சியின்போது உயிரிழந்தார். வயது 31. அவருடைய தாய் 1944-இல் மகன் நினைவாக ஓர் அறக்கட்டளை அமைத்தார். எதற்காக? விமானக் கல்விக்கும் வேளாண்மைக் கல்விக்கும்! ஏரையும் இறக்கையையும் ஒருசேர நினைத்த அந்தத் தாயைத் தஞ்சைக்காரனால் மறக்க முடியுமா?

நம் தஞ்சைக்கும் ஒரு விமானக் கதை உண்டு. புதுக்கோட்டைச் சாலையில் உள்ள விமானத்தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைந்தது. காவிரி வண்டலில் சக்கரம் புதையும். தெற்கே உள்ள செம்மண் மேட்டில்தான் விமானம் இறங்கும். சிறுவனாக வண்டியில் வைக்கோல் ஏற்றிப் போகையில், விமான இரைச்சலுக்கு மாடுகள் மிரண்டதை என் தந்தை பலமுறை சொல்லியிருக்கிறார். எத்தனை இறக்கை, என்ன நிறம் என்று நான் ஒரு நாளும் கேட்டு எழுதி வைக்கவில்லை. ஊசல் ஆடும் நேரத்தை நொடி பிசகாமல் குறித்த கை, தந்தையின் சொல்லைக் குறிக்கவில்லை! இன்று கேட்க அவர் இல்லை. 2020 ஜனவரியில் சுகோய் விமானங்களின் 222-ஆம் படைப்பிரிவு அதே தளத்தில் தொடங்கப்பட்டது. புதியது வந்த கதை ஏட்டில் இருக்கிறது. பழையது வந்த கதை முதியவர்களின் நெஞ்சில் மட்டுமே இருக்கிறது.

பழையதைப் பறக்கவிடுவது நம்மாலும் இயலும். 1947 அக்டோபர் 27-இல் ஸ்ரீநகருக்கு நம் வீரர்களை ஏற்றிச் சென்றவை டக்கோட்டா விமானங்கள். அந்த வகையைச் சேர்ந்த ஒன்றைப் பழைய இரும்பாகக் கிடந்த நிலையிலிருந்து மீட்டு, ‘பரசுராமா’ என்று பெயரிட்டு, 2018-இல் விமானப்படையில் சேர்த்தார்கள். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் டக்கோட்டாவும் ஹார்வர்டும் பறந்தன. ஆனால் கடல் போன்ற கூட்டமும் கொளுத்தும் வெயிலும் சேர்ந்த அந்த நாளில் ஐந்து பேர் உயிரிழந்தனர். அந்தத் துயரம் நமக்கு ஒரு பாடம். பல லட்சம் பேரை ஓரிடத்தில் திரட்டுவதைவிட, சிறிய ஊர்களில், வெயில் தாழ்ந்த மாலையில், சில ஆயிரம் பேருக்கு இரண்டு பழைய விமானங்களைப் பறக்கவிட்டுக் காட்டுவது மேல் அல்லவா?

“ஏழை நாட்டிற்கு இந்த ஆடம்பரம் தேவையா?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இதற்கு விடை நம் வயலிலேயே இருக்கிறது. நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டார். அவற்றைப் புட்டியில் அடைத்துப் பூட்டியா வைத்தார்? திருவிழா நடத்தி உழவர்களிடம் விதையாகக் கொடுத்தார். விதைத்துப் பெருக்கித் திருப்பித் தரச் சொன்னார். விதைக்காத நெல் சில ஆண்டுகளில் முளைக்கும் திறனை இழந்துவிடும். ஓடாத எஞ்சினும் அவ்வாறே! அதோடு சேர்ந்து, அதைப் பழுது பார்க்கும் கையின் அறிவும் மடிந்துபோகும். மழையிலும் வெயிலிலும் மேடையில் நிற்கும் விமானம் வெறும் சிலை. அதனிடம் எந்த மாணவன் என்ன கற்பான்?

மாணவ நண்பர்களே! விமானம் வாங்க நம்மால் இயலாது. விமானத்தளத்தின் கதையைத் திரட்ட இயலும். புதுக்கோட்டைச் சாலை ஊர்களில் தொண்ணூறைத் தொட்ட பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும். விடுமுறையில் சென்று அவர்கள் காலடியில் அமருங்கள். கேளுங்கள், எழுதுங்கள், அடுத்த ஆண்டு மலருக்கு அனுப்புங்கள். நான் செய்யத் தவறியதை நீங்களேனும் செய்யுங்கள்!