மேகத்தின் குத்தகை, பெங்களூருவின் உழைப்பு

2025 ஜூலை இறுதியில், குஜராத்தின் வாடினார் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நயாரா எனர்ஜியின் மின்னஞ்சல் திடீரென முடங்கியது. கட்டணம் பாக்கியில்லை என்றது நிறுவனம். ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் அதன் பங்குதாரர் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. தில்லி உயர்நீதிமன்றத்தை நாடிய பிறகே இணைப்பு மீண்டது. ‘கிளவுட்’ எனும் மேகக் கணினிமுறையை மாபெரும் புதுமையெனப் போற்றுவோர் பெங்களூரு மாநாட்டு மேடைகளில் இதைப் பேசுவார்களா?

முன்பு மென்பொருளை ஒருமுறை விலைகொடுத்து வாங்கினால், அது வாங்கியவரின் கணினியிலேயே இருந்தது. 2006இல் அமேசான் சேமிப்பிடத்தையும் கணிப்புத்திறனையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. இன்று விற்பனை சுருங்கிச் சந்தா பெருகிவிட்டது. நிலத்தை உடைமையாக வைத்திருப்பதாலேயே பிறர் உழைப்பில் பங்கு பெறும் நிலவுடைமையாளனை மார்க்ஸ் விரிவாக ஆராய்ந்தார். சர்வர் கூடங்களின் உடைமையாளர்கள் இன்று பெறுவதும் அத்தகைய வாடகையே. தரவுகளை ஒருமுறை அங்கே குடியேற்றிவிட்டால் வெளியேறுவது எளிதல்ல; மென்பொருளையே திருத்தி எழுத நேரிடும். ‘மேகராஜ்’ என்ற பெயரில் தனக்கென ஒரு மேகத்தை அறிவித்த ஒன்றிய அரசும், அமேசானையும் மைக்ரோசாஃப்டையும் தன் அங்கீகாரப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. தற்சார்பு முழக்கத்தின் இலட்சணம் இது!

இதில் பெங்களூரு முதலாளிகளின் இடம் எது? இன்ஃபோசிஸ் 2020இல் ‘கோபால்ட்’ என்ற மேகச் சேவையைத் தொடங்கியது. வாடிக்கையாளர்களை அமெரிக்க ஏகபோகங்களின் மேகங்களுக்கு இடம்பெயர்ப்பதே இவ்வகைத் தொழிலின் பெரும்பகுதி. குத்தகை அங்கே போகிறது; குடியேற்றும் கூலி இங்கே கிடைக்கிறது. ஆள்கணக்கில் பணம் கொடுத்த வாடிக்கையாளர் இப்போது முடிந்த வேலைக்கு மட்டும் விலை பேசுகிறார். ஆகவே குறைந்த ஆட்களைக் கொண்டு கூடுதல் நேரம் வேலை வாங்குவதே இலாபத்தின் வழியாகிறது. மேகம் உறங்குவதில்லை, அதைக் காக்கும் பொறியாளரும் நள்ளிரவு அழைப்புக்கு விழித்திருக்க வேண்டும்.

2024 ஜூலையில் கர்நாடகக் காங்கிரஸ் அரசு, இத்துறையில் நாளொன்றுக்கு 14 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தத்தைப் பரிசீலித்தது. நிறுவனங்களின் அழுத்தமே காரணம் என்று தொழிலாளர் அமைச்சர் சந்தோஷ் லாடே ஒப்புக்கொண்டார். அதே ஆண்டில்தான், பணி விதிகளை எழுத்தில் வைக்கக் கோரும் 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்திலிருந்து ஐடி நிறுவனங்களுக்கு மேலும் 5 ஆண்டு விலக்கு நீட்டிக்கப்பட்டது. கர்நாடக மாநில ஐடி, ஐடிஇஎஸ் ஊழியர் சங்கம் இரண்டையும் எதிர்த்து நின்றது. வேலை முடிந்தபின் அழைப்புகளைத் துண்டிக்கும் உரிமையையும் கேட்கிறது. பெங்களூருவில் பணியாற்றும் தமிழ்ப் பொறியாளர்களிடம் இக்கோரிக்கைகளைக் கொண்டுசெல்லும் வேலை நம் தோழர்களுக்கு இருக்கிறது. சிறுசேரியிலும் தரமணியிலும் இதே நிலைமைதான்.