வானிலிருந்து பச்சை அளத்தல்

பயிரின் பச்சையை இனி வானிலிருந்தே அளந்து கூறிவிடலாம் என்ற பேச்சு நமது சங்கக் கூட்டங்களிலும் எழத் தொடங்கியுள்ளது. கேட்டு வியந்து போகிறவர்களும் உளர். முப்பது சென்ட் பயிரிடுகிறவனுக்கு இதனால் என்ன என்று ஒதுக்குகிறவர்களும் உளர். இரு சாராரும் விஷயத்தைச் சற்றுப் பொறுமையாக நோக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியின் சிவப்பையும் நீலத்தையும் உட்கொள்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையோ இலை பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறது. சிவப்பு முடிந்து அகச்சிவப்பு தொடங்கும் விளிம்பில், பச்சையம் மிகுந்த பயிருக்கும் குறைந்த பயிருக்கும் உள்ள வேற்றுமை நன்கு விளங்கும். தழைச்சத்துக் குறைந்தால் பச்சையமும் குறையுமாதலால், இவ்வளவைக் கொண்டு பயிர் யூரியா கேட்கிறதா என்பதை ஒருவாறு ஊகிக்கலாம். நம் நாட்டுக்கு இது முற்றிலும் புதிய வித்தையன்று. 1970ஆம் ஆண்டையொட்டிக் கேரளத்தில், பிஷரோட்டி என்ற விஞ்ஞானியின் முயற்சியால், தென்னை வாடல் நோயை அறிய ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் தோப்புகளைப் படமெடுத்தனர். நோயுற்ற மரங்கள் வேறு நிறத்தில் விழுந்தன. 1988இல், சோதனை நிலையைக் கடந்து முழுப் பயன்பாட்டுக்கென அமைந்த நமது முதல் தொலையுணர்வுச் செயற்கைக் கோளும் விண்ணேறிற்று.

இன்று ஐரோப்பியரின் சென்டினல்-2 வரிசைக் கோள்கள் அந்தச் சிவப்பு விளிம்பை இருபது மீட்டர் சதுரங்களாக அளந்து, படங்களை எவர்க்கும் இலவசமாகவே அளிக்கின்றன. இருபது மீட்டர் சதுரம் என்பது ஏறத்தாழப் பத்து சென்ட். நூறு ஏக்கர் ஒரே வயலாகக் கிடக்கும் நாடுகளில் இது நுட்பமான அளவுதான். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கங்களில் நிலைமை வேறு. இங்கே மனைப்பிரிவுகளுக்கிடையே கால் ஏக்கர் நெல்லும், மதிற்சுவர் ஓரத்தில் ஐந்து சென்ட் கீரையுமே எஞ்சியுள்ளன. ஒரு சதுரத்துக்குள் பாதி பயிர், கால் பங்கு தகரக்கூரை, மீதி தார்ச்சாலை என்றிருந்தால் கோள் காட்டும் எண் எதனுடைய எண்? மேலும் பயிர் வெளுத்திருப்பதைத்தான் வானம் அறியும், காரணத்தை அறியாது. தழைச்சத்துக் குறைவாலும் வெளுக்கும், துத்தநாகக் குறைவாலும் வெளுக்கும், தேங்கிய நீராலும் வெளுக்கும். ரகத்துக்கு ரகம் பச்சை வேறுபடுவது இன்னொரு சங்கடம்.

ஆயினும் ஒதுக்கிவிடவும் இயலாது. 2023 காரீப் பருவம் முதல் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், நெல், கோதுமை ஆகியவற்றின் விளைச்சலை மதிப்பிடுகையில் தொலையுணர்வு முதலிய கருவிகளின் கணக்குக்குக் குறைந்தது 30 சதவீத இடம் தரவேண்டுமென மத்திய அரசு வகுத்துள்ளது. இழப்பீடு கிடைப்பதும் கிடையாததும் அந்தக் கணக்கை ஓரளவு சார்ந்து நிற்கும். அக்கணக்கு பிழையென்று சொல்ல நமது அங்கத்தினரிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? தற்போது ஒன்றுமில்லை என்றே கூறவேண்டும்.

இங்கேதான் சங்கத்தின் கடமை வருகிறது. இலை வண்ண அட்டை என்றொரு எளிய சாதனம் உண்டு. வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை பட்டைகள் கொண்ட பிளாஸ்டிக் அட்டை. மாதிரியோடு ஒத்துப் பார்த்துச் சாய நூல் வாங்கும் நெசவாள நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரமொரு முறை, பத்துச் செடிகளில் முழுதும் விரிந்த மேல் இலையை அட்டையோடு வைத்துப் பார்க்கவேண்டும். வெயில் நேரே படாமல் உடம்பின் நிழலில், ஒவ்வொரு முறையும் ஒருவரே பார்ப்பது நன்று. வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் எல்லை. பெரும்பாலான இலைகள் அதற்குக் கீழிறங்கினால் யூரியா இடலாம். இல்லையேல் மூட்டையைப் பிரிக்கவேண்டாம்.

பக்கத்து வயல் கருத்திருப்பதைக் கண்டு தாமும் ஒரு மூட்டை கொட்டுகிறவர்களை நாம் நிறையப் பார்க்கிறோம். மிதமிஞ்சிய பச்சை இலைச்சுருட்டுப் புழுவுக்கு விருந்து, பயிரும் சாயும். விற்பனை குறைந்தால் சங்கத்தின் வரவு குறையுமே என்று சில செயலாளர்கள் கவலைப்படக்கூடும். மருந்துச் செலவில் மூழ்கிய அங்கத்தினரிடம் பயிர்க்கடன் நிலுவையாவதைவிட அந்த வரவு பெரிதா என்பதை அவர்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

ஆவடிக்கு மேற்கே உள்ள திரூரில்தான் நம் மாநிலத்தின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904இல் தோன்றிற்று. டி.கே.எம். ரகங்களைத் தந்த நெல் ஆராய்ச்சி நிலையமும் அவ்வூரிலேயே உள்ளது. ஆகவே யோசனை கேட்க நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. சங்கத்துக்கு ஐந்தாறு அட்டைகள், படித்த இளைஞர் ஒருவர், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். புல எண், ரகம், நட்ட நாள், வாரந்தோறும் அட்டை காட்டிய எண், யூரியா இட்ட நாள், நீர் தேங்கிய நாள் என அதில் பதியவேண்டும். தனியொருவரின் கால் ஏக்கரை வானம் சரியாகக் காணாது. அடுத்தடுத்த இருபது அங்கத்தினரின் நிலத்தை ஓரளவு காணும். அந்த இருபது பேரின் பதிவும் ஒரே நோட்டில் இருந்தால்தான் படத்தோடு ஒப்பிட முடியும்.

சம்பாப் பயிர் தூர் கட்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நமது பகுதியை மேகம் மூடியிருக்கும். மேகத்தை ஊடுருவும் ரேடார்க் கோள்கள் உண்டெனினும் அவை பயிரின் உருவையும் ஈரத்தையும் உணருமேயன்றி, நிறத்தை உணரா. ஆதலால் விருப்பமுள்ள சங்கங்கள் நாற்று நடுமுன்பே நிர்வாகக் குழுவில் தீர்மானம் வைத்து, காப்பீட்டு மனுக்கள் எழுதும்போதே புல எண்களையும் இந்த நோட்டில் ஏற்றிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.