சவ்வின் நியாயமும் சவர்நீரின் கணக்கும்

இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்டு, பின்னர் வவுனியா மாவட்டத்தையும் பற்றிக்கொண்ட நாட்பட்ட சிறுநீரக நோயின் மூலகாரணம் யாதென்பது பற்றி, நிலத்தடி நீரின் கடினத்தன்மை என்றும், புளோரைட்டு என்றும், வயலில் இறைக்கும் இரசாயனங்கள் என்றும், கொடும் வெயிலில் உழைப்போரின் உடலில் நீர் வற்றுதல் என்றும் அறிஞர்கள் பலவாறு வாதித்து, இன்னும் ஒருமித்த முடிவுக்கு வந்தாரில்லை. 2015இல் கிளைபோசேற்று என்ற களைநாசினிக்குத் தடை வந்தது. சில ஆண்டுகளில் அத்தடை தளரவும் செய்தது. ஆனால் பரிகாரம் ஒன்று மாத்திரம் காரணத்துக்காகக் காத்திராமல் கிராமங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதுவே ஆர்.ஓ. எனப்படும் எதிர்ப் பிரசாரண நீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம். அதை நான் வரவேற்கிறவன். குடிக்கத் தகாத நீரைத் தவிர வேறு நீரில்லாத குடும்பத்திடம் தத்துவம் பேசுவது அதர்மம். எனினும் திறப்புவிழாவில் நாடா வெட்டியபின் அவ்வியந்திரத்தின் வரவுசெலவை யாரும் விசாரிப்பதில்லை என்பதே என் குறை.

அவ்வியந்திரத்தின் உயிர்நிலை ஒரு மென்சவ்வு. அதற்குக் குருவான சவ்வோ நம் உடம்பிலேயே இருக்கிறது. ஒரு மில்லிமீற்றரை இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறினும் மெல்லியதாய், கொழுப்பின் இரட்டைப் படையாலான கலமென்சவ்வு, ஒட்சிசனைத் தாராளமாக விடுகிறது. உப்பின் அயன்களைத் தடுக்கிறது. நீர் விரைந்து செல்வதற்கென்று தனிப் புரதக் கால்வாய்களை வைத்திருக்கிறது. இக்கால்வாய்களை 1992இல் வெளிப்படுத்திய பீற்றர் அக்ரே அதற்காக 2003இல் நோபல் பரிசு பெற்றார். சவ்வின் இருபுறமும் உப்பின் செறிவு வேறுபடுமாயின், யாருடைய பிரயத்தனமும் இன்றி, நீர் தானாகவே செறிவு மிகுந்த பக்கத்தை நாடிச் செல்லும். இதனையே பாடசாலையில் பிரசாரணம் என்று படித்தோம். முல்லைத்தீவுக் கரையில் மீனைக் கீறி உப்பிட்டு வெயிலில் பரப்புகிறவர்கள் படியாமலே அறிந்த விஷயம் இது: உப்பு, மீனின் நீரை மட்டுமன்றி, அதை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களின் நீரையும் சேர்த்தே உறிஞ்சிவிடுகிறது. கடல்நீர் ஏறிய வயலில் வேரடியில் ஈரமிருந்தும் நெற்பயிர் வாடி நிற்பதற்கும் இதுவே காரணம்.

ஆனால் சவ்வு வெறும் சல்லடையன்று. குளத்துத் துருசில் காவலிருக்கும் அனுபவசாலியைப் போல, எதை, எப்போது, எவ்வளவு விடுவதென்று அறிந்தது. மூன்று சோடிய அயன்களை வெளியேற்றி இரண்டு பொற்றாசிய அயன்களை உள்ளே எடுப்பதற்கு அது தன் சக்தியைச் செலவிட்டுக்கொண்டே இருக்கிறது. குடற்சுவரில் சோடியமும் குளுக்கோசும் ஒரே வாயிலால் சேர்ந்து நுழைய, அவற்றின் பின்னே நீரும் செல்கிறது. இடம்பெயர்ந்து முகாம்களில் கிடந்த நாட்களில், வயிற்றோட்டத்தால் துவண்ட பிள்ளைக்கு ஜீவனி கரைத்துப் பருக்கிய தாய்மார் நம்பியிருந்தது அந்த ஒரு வாயிலைத்தான்.

சிறுநீரகத்தின் திறமை இன்னும் வியப்புக்குரியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடித்து, ஒன்றரை லீற்றரளவை மாத்திரம் கழிவாக்கி, எஞ்சியதனைத்தையும் உடம்புக்கே மீட்டுக்கொடுக்கிறது. அது பழுதானால் நோயாளி மீண்டும் ஒரு செயற்கைச் சவ்வையே சரணடைகிறார். நான்கு மணிநேர இரத்தச் சுத்திகரிப்பு ஒன்றுக்கு வேண்டிய திரவமே ஏறத்தாழ 120 லீற்றர்.

பிரசாரணத்தை எதிர்த்திசையில் திருப்பி, அமுக்கத்தால் நீரை உப்பிலிருந்து பிரித்தெடுக்கத் தகுந்த சவ்வை, 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரோடு சேர்ந்து உருவாக்கியவர், திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரைத் தாங்கிய சீனிவாச சௌரிராஜன் என்ற இந்தியர். அவருடைய உபாயம் இன்று நம் அயலிலேயே பெரிய அளவில் நடக்கிறது. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்ததன் பின்னர், அதற்கு மாற்றாகத் தாளையடியில் எழுந்த கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரும் திறனுடன் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அங்கே மிஞ்சும் செறிந்த உப்புநீர் கடலுக்கே திரும்புகிறது.

கிராமத்து இயந்திரத்துக்குக் கடல் இல்லை. நூறு லீற்றர் கிணற்று நீரை அதற்குள் செலுத்தினால் ஏறக்குறையப் பாதி நல்ல நீராகவும், பாதி, பெரும்பாலான உப்பையும் புளோரைட்டையும் சுமந்த கழிவுநீராகவும் வெளிவரும். அக்கழிவு பெரும்பாலும் அருகிலுள்ள வாய்க்காலிலோ வெறுநிலத்திலோ விடப்படுகிறது. மண்ணூடே இறங்கினால் அது போய்ச் சேருமிடம், நாம் இறைத்த அதே நிலத்தடி நீரேயாகும். கழிவை உடம்புக்கு வெளியே கொண்டுபோய் விடுவதால்தான் சிறுநீரகம் சிறுநீரகமாயிருக்கிறது. நமது இயந்திரமோ அதைக் கிணற்றின் காலடியிலேயே விட்டுவிடுகிறது. சவ்வும் நிரந்தரமானதன்று, சில ஆண்டுகளில் அடைபட்டு மாற்ற வேண்டிவரும்போது, லீற்றருக்குச் சில ரூபா அறவிடும் கிராமச் சங்கத்தின் பெட்டியில் அதற்குரிய பணம் இருப்பது அபூர்வம்.

இத்தனைக்கும் வவுனியாவை உள்ளடக்கிய வன்னி மழையற்ற பூமியன்று. வடகீழ்ப் பருவக்காற்றின் தயவால் ஆண்டுக்கு 1,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்வது வழக்கம். 500 சதுர அடிக் கூரையில் அவ்வளவு மழை பொழிந்தால் ஏறத்தாழ 46,000 லீற்றர். ஐவர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் எடுத்தாலும், 5,000 லீற்றர்த் தொட்டி ஒன்று 200 நாட்களைத் தாங்கும். முதல் மழையைக் கழித்துவிட்டு, தொட்டியை மூடி, நுளம்பு புகாமல் வலையிட்டுக் காக்கவேண்டும் என்பது மெய். ஆனால் அந்த நீரில் கடினத்தன்மையும் இல்லை, புளோரைட்டும் இல்லை. அமுக்கத்துக்கு மின்சாரமும் வேண்டாம்.

ஆகவே, புதிய இயந்திரத்துக்கு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு அனுமதி வழங்குமுன், கழிவுநீர் எந்தக் குழிக்குப் போகும், அக்குழிக்குத் தளமிடப்பட்டிருக்கிறதா, சவ்வை மாற்றும் செலவு யாருடையது என்று எழுத்தில் பதில் கேட்கட்டும். பதில் வராத இடங்களில், அந்தப் பணத்தைக் கூரைப் பீலிக்கும் தொட்டிக்கும் மாற்றி, சிறுநீரக நோயாளர் உள்ள வீடுகளிலிருந்தே வேலையைத் தொடங்கட்டும். அடுத்த மாரிக்கு முன் அது முடியக்கூடிய காரியமே.