ஏடும் கயிறும்

கோடை விடுமுறையிலே மாணாக்கர் செய்யத்தக்கது யாது என்று வினவினால், விட்ட பாடத்தை மீளப் படித்தலே என்று விடை கூறுவோர் நம்முள் மிகப் பலர். இலக்கணம் கற்பிக்கும் யானும் நெடுங்காலம் அவ்வாறே கூறி வந்தவன். பிரித்தானியப் பாடசாலைகளின் கடற்படை மாணவர் அணிகள் கோடைக்காலத்தில் மேற்கொள்ளும் பயிற்சி வாரத்தைப் பற்றி அறிந்த பின்னர் என் கருத்து மாறியது.

அந்நாட்டுப் பாடசாலை மாணவர் படைகள் 1948ஆம் ஆண்டில் ஓரமைப்பாக ஒன்றிணைந்தன. அதன் கடற்படைப் பிரிவுப் பிள்ளைகள் பிளைமவுத்தை அடுத்த லைனர் ஆறு முதலிய இடங்களிலே பாய் விரிக்கவும் துடுப்பு வலிக்கவும் முடிச்சிடவும் வரைபடமும் திசைகாட்டியுங் கொண்டு வழி காணவும் பழகுகின்றனர். 1982ஆம் ஆண்டு போக்லாந்துப் போருக்குச் சென்ற பிரிஸ்டல் என்னுங் கப்பல், பின்னாளிலே போட்ஸ்மத் துறைமுகத்தில் நின்று, 2020ஆம் ஆண்டு ஓய்வுபெறும்வரை இத்தகைய பிள்ளைகளுக்குத் தங்குமிடமாயிற்று. போர்க்கலம் பள்ளிக்கலமானமை மகிழ்ச்சி தருவதே.

ஆயினும் ஓர் ஐயம் எழும். இது சிறுவரைப் போருக்கு ஆயத்தஞ் செய்வதன்றோ? அப்பிள்ளைகள் படையினரல்லர், படையிற் சேரும் கடப்பாடும் அவர்க்கில்லை. எனினும் இவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. சீருடையும் அணிவகுப்புமே பயிற்சியின் உயிர் என்று கொண்டால் யானும் அதனை எதிர்ப்பேன்.

உயிர் வேறிடத்திலுளது. 1941ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டு அபர்டோவியிலே குர்ட் ஹான் என்னும் கல்வியாளரும் லோறன்ஸ் ஹோல்ற் என்னுங் கப்பல் உரிமையாளரும் ஒரு கடற்பள்ளியைத் தொடங்கினர். கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் ஏறியோருள், உடல்வலி மிக்க இளைஞர் மடிய, பாய்க்கப்பலிற் பழகிய முதியோர் பிழைத்தனர் என்று ஹோல்ற் கருதினார். இளைஞர்க்குக் குறைந்தது உடல்வலியன்று. இடரில் தன்னையும் தோழனையும் நம்பும் உள்ளவுறுதியே. ஆதலின் கடற்றொழிலுக்காகப் பயிற்றாது, கடலைக் கொண்டு மனிதரைப் பயிற்றுதலே அப்பள்ளியின் கொள்கையாயிற்று. இக்கொள்கைக்குத் துப்பாக்கி வேண்டுவதில்லை.

வகுப்பறையிலே பிழைவிட்ட மாணாக்கன் சிவப்புக் கோடொன்றைப் பெறுகின்றான். அதனை மறந்தும் விடுகின்றான். படகிலே முடிச்சுப் பிழைத்தாற் பாய் அவிழ்ந்து காற்றில் அடிக்கும். அப்பொழுது சாக்குக் கூற இடமில்லை. அருகிலிருப்பவன் கைகொடுத்தாலன்றிக் கரை சேர்தல் அரிது. தேர்விலே முதல்வனும் இறுதியானவனும் அங்கே ஒரே கயிற்றைப் பற்றி இழுக்கின்றனர். இப்பாடத்தை எந்த ஏட்டைக்கொண்டு யான் நடத்துவேன்?

இது நமக்குப் புதிதன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளுடன் கடல்கள் பல கடந்து, 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அம்மாலுமிகளின் கல்லூரி கடலே, ஆசான் தண்டையலே. அத்தகைய மரபுடைய கரையிலே, அலையோசை கேட்கும் வகுப்பறையிலிருந்தும் நீந்தத் தெரியாத பிள்ளைகள் இன்று உளர். அணியம் எது, பருமல் எது என்று வினவினால் அகராதியைத் தேடுகின்றனர். சொல்லை யான் கற்பிக்கலாம். பொருளைக் கடலன்றோ காட்டவேண்டும்?

ஆதலின் எனது வேண்டுகோள் சிறிது. கடலோரப் பாடசாலைகள் ஆண்டுக்கொரு வாரமேனும் பிள்ளைகளைத் தக்க காவலுடன் கடலுக்கு அழைத்துச் செல்லுக. சீருடை வேண்டா, அணிவகுப்பும் வேண்டா. நல்ல படகொன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் உயிர்காப்பு அங்கி, கடலறிந்த முதியவர் ஒருவர் போதும். முதலில் நீச்சல், பின்பு முடிச்சு, அதன்பின் பாய் என்று முறையாகப் பயிற்றுக. அம்முதியவர் பாடஞ் சொல்லும்போது ஆசிரியராகிய நாமும் பிள்ளைகளோடு அமர்ந்து கேட்போமாக. ஏடு பிடித்த கை கயிறு பிடித்தலால் இழிவடையாது.